பெயரில்லாச் சாயம் நமக்கு வேண்டாம்

தீபாவளி நெருங்கிவிட்டால் ஈப்போ லிட்டில் இந்தியாவின் பலகாரக் கடைகளில் வண்ணங்களுக்குக் குறைவே இராது. மஞ்சள் லட்டு, செம்மஞ்சள் ஜாங்கிரி, பச்சையிலும் சிவப்பிலும் அல்வா என்று கண்ணைப் பறிக்கும். இவ்வண்ணங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. "சாயம் என்றாலே புற்றுநோய்" என்பது ஒன்று. "அரசாங்கம் அனுமதித்ததுதானே, பிறகென்ன பயம்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே அரைகுறையானவை என்பது என் கருத்து. அது எந்தச் சாயம், எப்படிச் சோதிக்கப்பட்டது என்று இரு சாராருமே கேட்பதில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். மரபணுவைப் பற்றிக் கற்றதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு அதைத் தமிழில் விளக்க முற்பட்டேன். இந்தச் செய்தி நம் மொழியில் நம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆகவே, சோதனை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதற்படி 'ஏம்ஸ் சோதனை'. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஏம்ஸ் 1970களில் இதனை உருவாக்கினார். இதற்குப் பயன்படும் சால்மொனெல்லா பாக்டீரியாவின் ஒரு மரபணு பழுதுபட்டிருக்கும். ஹிஸ்டிடின் என்னும் சத்தை அதனால் சுயமாகத் தயாரிக்க இயலாது. எனவே, அச்சத்து இல்லாத தட்டில் அது பெருகுவது அரிது. சோதிக்கப்படும் பொருள் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கினால், சில பாக்டீரியாக்களின் பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். இரண்டு நாளில் அவை தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். சாயம் சேர்க்காத தட்டோடு ஒப்பிட்டு அப்புள்ளிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை வெகுவாகக் கூடினால் அது எச்சரிக்கை.

டார்ட்ராசின், சன்செட் எல்லோ போன்றவை அசோ வகைச் சாயங்கள். நம் குடலில் வாழும் பாக்டீரியா இவற்றை உடைத்துவிடும். ஆகையால், சாயத்தை மட்டுமன்றி, அது உடைந்து வரும் துண்டுகளையும் சோதித்தாக வேண்டும். உடலுக்குள் நடக்கும் மாற்றத்தை ஒட்டி, தட்டில் எலி அல்லது ஹாம்ஸ்டரின் கல்லீரல் சாற்றைச் சேர்த்தும் சோதிக்கிறார்கள். அதன்பின் விலங்கு உயிரணுக்களிலும் உயிருள்ள எலிகளிலும் சோதனை தொடரும்.

அளவுக்கு மிஞ்சினால்தானே நஞ்சு என்று கேட்கலாம். பல சாயங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு, 2011இல் சன்செட் எல்லோவுக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்தது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 80 மில்லிகிராம். ஆனால், மரபணுவையே நேரடியாகச் சிதைக்கும் பொருளுக்கு இவ்வாறு பாதுகாப்பான அளவை வகுப்பதில்லை. எனவேதான் மரபணுச் சோதனைக்கு இத்தனை முக்கியத்துவம்.

சோதனையின் முடிவும் காலத்துக்கும் மாறாதது அன்று. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டைஆக்சைடு மரபணுவைப் பாதிக்காது என்று உறுதி கூற இயலாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை உணவில் தடை செய்தது. மேற்கூறிய நிபுணர் குழுவோ 2023இல் சான்றுகளை ஆராய்ந்து, வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய நிலைப்பாட்டையே உறுதிப்படுத்தியது. அறிஞர்களே மாறுபடுகிறார்கள். எனினும், பொருளின் பெயர் தெரிந்திருப்பதால்தான் அவர்களால் வாதிட முடிகிறது.

பெயர் தெரியாத பொடிக்கு இந்த வாய்ப்பே இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. அதில் கண்டறியப்பட்டது ரோடமின் பி. துணிக்குப் போடும் சாயம். இந்தியாவிலும் மலேசியாவிலும் உணவில் சேர்க்க அதற்கு அனுமதியில்லை. ஆனால், பார்வைக்கு அதுவும் அழகான இளஞ்சிவப்புதான். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளும் உள்ளன. அனுமதி என்பது பெயருள்ள, தூய்மை வரையறுக்கப்பட்ட சாயத்துக்கே உரியது. பெயரின்றிச் சிறு பொட்டலமாகக் கட்டி விற்கும் பொடிக்கு அது பொருந்தாது.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகு, நம் தாய்மார்கள் பலர் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்று வருமானம் தேடுகின்றனர். "சாயம் என்றாலே விஷம்" என்ற வதந்தி அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும். பெயரில்லாப் பொடியோ அவர்கள் பேரப்பிள்ளைகளின் உடல்நலத்தையே கெடுக்கக்கூடும். இவ்விரண்டிலிருந்தும் அவர்களைக் காப்பது படித்த நம் கடமை.

நண்பர்களே, நம் தமிழ்மொழிக் கழகம் இதற்கு ஒரு சிறு பணியைச் செய்யலாம். டார்ட்ராசின் 102, சன்செட் எல்லோ 110, கார்மோய்சின் 122 என்று சாயங்களின் பெயரையும் எண்ணையும் தமிழில் ஓர் அட்டையாக அச்சிட்டு, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வீடு வீடாகக் கொடுப்போம். பொட்டலத்தில் பெயரும் எண்ணும் இல்லையென்றால் வாங்காதீர்கள் என்று எடுத்துச் சொல்வோம். அடுத்த தீபாவளிக்கு முன்பே இதனைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.