கருத்தடைக்குக் காசு, கருத்தரிக்கக் கைவிரிப்பு

நம் காலனியில் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனால் போதும், குழாயடியில் கேள்வி வந்துவிடும்: "இன்னும் விசேஷம் இல்லையா?" மூன்றாம் வருஷம் அந்தப் பெண்ணுக்கு 'மலடி' என்று பெயர். பிறகு தோட்டை அடகு வைத்து, குழுக்கடன் வாங்கித் தனியார் கருத்தரிப்பு மையத்துக்கு ஓடுகிறோம். கையில் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் இதற்கு அது உதவாது.

ஏன் உதவாது? ஆயுஷ்மான் பாரத் திட்டம் குழந்தையின்மைச் சிகிச்சையை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. புறநோயாளிப் பரிசோதனைகளுக்கும் அதில் இடமில்லை. ஆக, என்ன குறை என்று தெரிந்துகொள்ளவே நம் கூலிக்காசுதான் போக வேண்டும்.

'இது நோயா, ஆடம்பரமா?' என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்கிறது. ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது என்றும் 2023இல் சொன்னது. இந்திய அரசுக்கும் இது தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு ஒரு முறைக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று முறை தரலாம் என்று 2011இலேயே உத்தரவு போட்டார்கள். அதிகாரிக்கு அது நோய். அவர் அலுவலகக் கழிவறையைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் அது ஆடம்பரமா?

இதே அரசு கருத்தடை அறுவைக்கு வந்தால் ஊக்கத்தொகை தருகிறது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எல்லோரும் ஏழைப் பெண்கள். தலித்துகளும் ஆதிவாசிகளும் அவர்களில் உண்டு. நம் கர்ப்பப்பையை மூட மருத்துவர் வீடு தேடி வருவார். அதே கர்ப்பப்பைக்கு வைத்தியம் கேட்டால் நிதி இல்லை.

நாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரிகள் அல்ல. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது அம்பேத்கரின் கட்சி. பெரியார் கர்ப்ப ஆட்சி பேசியவர். பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண் முடிவு செய்ய வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். பெற விரும்பும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருக்குழாயை அடைத்துவிடும் காரணங்களில் ஒன்று காசநோய். காற்றில்லாத ஒற்றை அறையும் அரை வயிற்றுச் சாப்பாடும் இருக்கும் இடத்தில் வளரும் நோய் அது. நம்மை அந்த அறையில் அடைத்தது யார்?

கருத்தரிப்பு மையத்துக்குள் ஏழை உடம்பு நுழைய ஒரு வழி மட்டும் திறந்தே இருக்கிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் போலி ஆதார் காட்டி விற்றார்களே, அந்த வழி. விற்க வந்தால் கதவு திறக்கும்; வைத்தியத்துக்கு வந்தால் மூடும்.

நம் கோரிக்கைகள் இவை. காப்பீட்டின் விலக்குப் பட்டியலிலிருந்து குழந்தையின்மையை எடு. விந்துப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை, கர்ப்பப்பைக் காசநோய்ப் பரிசோதனை எல்லாம் தாலுகா மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். எழும்பூரில் தொடங்கிய அரசுக் கருத்தரிப்பு மையம் போல எல்லா அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் வேண்டும்.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அதற்கு முன், நம் வீட்டு ஆண்களை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவோம். 'மலடி' என்ற சொல்லை நம் தெருவிலிருந்து துரத்த எந்த அரசாணையும் தேவையில்லை.