தொட்டிக்குள் மங்குஸ்தான்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், சுரண்டையிலிருந்து போய்வருகிறவர்களின் பைகளில் மங்குஸ்தான் பழம் இருக்கும். மலாய்த் தீவுகளுக்குரிய அந்த மரம் மலையடிவாரத்தின் ஈரத்தை நம்பி இங்கே வேர்கொண்டது. டொராண்டோவில் வாழும் மகனைக் காணப் புறப்பட்ட நம் சபைத் தாயார் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, இந்தக் கொட்டையைக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டியில் வளர்த்துக் கொடுக்கலாமா? போன்சாய் என்று குட்டையாக வளர்க்கிறார்களாமே" என்று கேட்டார். "தாராளமாகச் செய்யுங்கள், அம்மா" என்றேன்.

அறியாமல் சொன்ன ஆலோசனை அது. மங்குஸ்தான் கொட்டையை நெல்லைப் போல உலர்த்தி வைக்க இயலாது. காய்ந்தால் உயிர் போய்விடும். காகிதத்தில் பொதிந்து சென்றவற்றில் ஒன்றும் முளைக்கவில்லை. விதையை அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்லத் தாவர நோய்த்தடுப்பு விதிகள் உண்டென்பதையும் நான் எண்ணவில்லை. பிள்ளைகள் வாரக்கணக்கில் வெறும் மண்ணுக்கு நீர் ஊற்றினார்களாம். அதைக் கேட்ட பின்புதான் நூல்களைப் புரட்டினேன்.

முளைத்திருந்தாலும் பயனில்லை. போன்சாய்க் கலையில் வேரையும் கத்தரிக்க வேண்டும். மங்குஸ்தானோ ஆணிவேர் நீண்டு சல்லிவேர் குறைந்த மரம். வேரைக் கலைத்தால் பொறுக்காது. நல்ல நிலத்திலேயே காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் அதை வீட்டுக்குள் காத்தாலும், குறுகிய பகலின் மங்கிய ஒளியும் வெப்பமூட்டியின் வறண்ட காற்றும் அதை வாட்டும். ஆகவே மங்குஸ்தானையோ துரியனையோ அங்கே தொட்டிக்குள் அடக்குவதை நான் இனி ஊக்குவியேன்.

அதற்காக, போன்சாயே கொடுமை என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. இதமாகக் கத்தரித்து, உரிய காலத்தில் மண் மாற்றிப் பேணிய மரங்கள் தலைமுறை கடந்து வாழ்கின்றன. ஏற்ற மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. எலுமிச்சை வகைகள், கொய்யா, மாதுளை, புளி ஆகியவை தொட்டி வாழ்வுக்கு இணங்கும். கோடையில் வெளியே வெயிலில் வைத்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் குறையுமுன் உள்ளே எடுத்துவிடுவது நலம். இன்னொன்று: இலை சிறுத்தாலும் கனி சிறுக்காது. ஒன்றிரண்டை விட்டு மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராதவர்கள் கிளை முறிவதைக் காண்பார்கள்.

இம்முறை அந்தத் தாயாரிடம், இங்கிருந்து எதுவும் கொண்டுபோக வேண்டாம் என்றேன். டொராண்டோவிலேயே ஓட்டோடு விற்கும் புளி வாங்கி, கொட்டையை இரவு முழுதும் ஊறவைத்து ஊன்றியிருக்கிறார். காய்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. செடி ஒரு சாண் வளர்ந்துவிட்டதாம். முதன்முதல் மாலையில் இலைகள் கூம்பியதைக் கண்டு, செத்துவிட்டதென்று சின்னவள் அழுதிருக்கிறாள்.

"காலையில் விழிக்கும், பார்" என்றாராம் ஆச்சி.