சிற்றிலும் தெர்மோகோல் கோபுரமும்

ராஜபாளையத்திலும் அதை அடுத்த சோழபுரத்திலும் அண்மைக் காலமாகப் பெருகிவரும் ஒரு புதுவகைச் சடங்கை இவ்வட்டாரத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திருமண மண்டபம் பிடிப்பது, வாசலில் பிள்ளையின் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டுவது, ‘தீம்’ என்று ஒன்றைத் தேர்ந்து மேடை, கேக், காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டிலின் ஒட்டுத்தாள் வரை அனைத்தையும் அதன் நிறத்திற்கு மாற்றுவது என்பதாக இருக்கிறது இச்சடங்கின் நடைமுறை. ஆண் குழந்தை எனில் இப்போது பெரும்பாலும் லெகோ. பெண் குழந்தை எனில் இளவரசி. இந்தப் பாகுபாட்டைப் பற்றிப் பின்னர் வருவோம்.

நம் இலக்கிய நண்பர்கள் இதைக் கண்டு இருவகையாக எதிர்வினை ஆற்றுகின்றனர். ஒரு சாரார் முகத்தைச் சுளித்து, ‘பல்லாங்குழி போயிற்று, கிட்டிப்புள் போயிற்று, டென்மார்க்குக் கட்டை வந்து நம் மரபைக் கொன்றது’ என்று புலம்புகின்றனர். மறுசாரார், ‘குழந்தைகள் மகிழ்ந்தால் சரி, உமக்கென்ன வந்தது?’ என்கின்றனர். இருவரும் தவறான இடத்தில் நிற்கின்றனர் என்பதே எம் வாதம். முன்னவர்க்கு மரபு தெரியவில்லை. பின்னவர்க்குக் குழந்தை தெரியவில்லை.

முதலில் மரபுவாதிகளைப் பார்ப்போம். துண்டு துண்டானவற்றைச் சேர்த்து வீடு கட்டி விளையாடுவது எவ்விடத்துச் சரக்கு? சோழபுரத்திலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பெண் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் பற்றியது. மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதைச் சிதைக்க வரும் கண்ணனிடம் மன்றாடும் பத்துப் பாசுரங்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவிகளைக் கவனியுங்கள்: சிறு பானை, சுளகு, மணல். நெடுநேரம் குனிந்திருந்து உடல் வலிக்கக் கட்டியதாக அவர்கள் முறையிடுகின்றனர். கட்டுவது விளையாட்டு எனினும் அது உழைப்பு. அவ்வுழைப்பு தம்முடையது என்ற உரிமையுணர்வு அவர்களுக்கு இருக்கிறது. கலித்தொகையில் கபிலரின் தலைவி, மணற்சிற்றிலைக் காலால் உதைத்துக் கலைத்த ஒருவனைப் பல்லாண்டு கழித்தும் மறவாமல் தோழியிடம் பேசுகிறாள். கட்டியதைக் கலைத்தவனை மறக்க முடியாதன்றோ!

பின்னாளில் பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தோர் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிலையும் சிறுதேரையும் வைத்தனர். பட்டினப்பாலையில் பிள்ளைகள் குதிரையின்றி உருட்டும் மூன்று சக்கரத் தேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த, யாரும் ஏறிச் செல்லாத, பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்கே உரிய தேர் வருகிறது. அந்தத் தச்சருக்கும் டென்மார்க்கின் பில்லுண்டில் 1932-இல் மர பொம்மை செய்யத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சருக்கும் தொழிலால் என்ன வேற்றுமை? ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி அவர் லெகோ எனப் பெயரிட்டார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அடிப்புறத்தில் குழல்கள் வைத்து இறுகப் பிடிக்கும் இன்றைய வடிவத்திற்குக் காப்புரிமை கோரப்பட்டது 1958-இல். ஆகவே ‘அந்நியம்’ என்ற கூப்பாடு எடுபடாது. மணலும் சுளகும் பிளாஸ்டிக்காக மாறியிருக்கின்றன. குனிந்திருக்கும் முதுகு அதே முதுகுதான்.

பிறந்தநாள் கொண்டாடுவதே மேற்கத்திய வழக்கம் என்பார்க்கும் ஒரு சொல். இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய பிறந்தநாள் விழாவுக்கு ஆடிப்பூரம் என்று பெயர். அதற்குத் தேரோட்டம் உண்டு. ஊரே வடம் பிடிக்கும். ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரோ கண்ணன் பிறந்த வீட்டைப் பாடும்போது, எண்ணெயும் வண்ணப்பொடியும் தூவி முற்றமே சேறாகிவிட்டதையும், ஆயர்கள் ஓடியும் விழுந்தும் ஆர்ப்பரித்ததையும் காட்டுகிறார். ஒரு பிள்ளைக்காகக் கூடிய கூட்டம் தரையை அழுக்காக்கியே தீரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மண்டபக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை.

இனி இரண்டாம் சாராரிடம் வருவோம். ‘குழந்தைகள் மகிழ்ந்தால் சரி’ என்கிறீர்கள். குழந்தைகள் அங்கே என்ன செய்கின்றனர் என்று பார்த்தீர்களா? நாம் சென்றிருந்த ஒரு விழாவில் மேடையின் இருபுறமும் ஆளுயரக் கட்டைக் கோபுரங்கள் நின்றன. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பார்க்க அழகுதான். பிறந்தநாள் பிள்ளையின் சித்தப்பா மகள், நான்கு வயதிருக்கும், அருகே போய் ஒரு கட்டையை இழுத்தாள். ‘ஏ பிள்ள, தொடாத! பிஞ்சு போகும்’ என்று அலங்காரக்காரர் ஓடிவந்தார். தெர்மோகோல்! வண்ணத்தாள் ஒட்டிய தெர்மோகோல். கேக்கின் மேலிருந்த கட்டைகள் சர்க்கரை. தட்டில் இருந்தவை அச்சு. திரும்பும்போது கொடுத்த பையில் இருந்தது சாவிக்கொத்து. இரண்டரை மணி நேர விழாவில் ஒரு குழந்தையின் கையிலும் ஒரு கட்டை ஏறவில்லை. படப்பிடிப்பு மட்டும் ஒன்றேகால் மணி நேரம். கோட்டும் கழுத்துப் பட்டையும் கட்டிய பிள்ளை இறுதியில் உறங்கிப்போனது. அதை எழுப்பி மொய்யெழுதியவர்களோடு நிறுத்தினர்.

விளையாட்டின் பெயரால் விளையாட்டை அப்புறப்படுத்தும் இக்கலையை எந்த அயல்நாட்டு நிறுவனமும் நமக்குக் கற்பிக்கவில்லை; நாமே கண்டுபிடித்தோம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கு நான்கு என எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் எத்தனை வகையாகப் பொருத்தலாம்? நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த எண் 10,29,81,500. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் இதைச் சரிபார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குக் கோபுரமாக நிற்கும் வகைகள் மட்டுமே அதில் எண்ணப்பட்டிருந்தது தெரியவந்தது. பக்கவாட்டில் விரிபவற்றையும் சேர்த்தால் 91,51,03,765. செய்தவர்களே கோபுரத்தைத் தவிர வேறொன்றைக் கருதவில்லை என்பது வேடிக்கை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கோபுரத்தோடு நிற்பதில்லை. அது நாய் செய்யும், பம்புசெட் செய்யும், இன்னதென்று நமக்கு விளங்காத ஒன்றைச் செய்து ‘இது எங்க ஆச்சி’ என்று சொல்லும். இந்தத் தொண்ணூற்றொரு கோடியையும் ஒரு தெர்மோகோல் தூணாகச் சுருக்குவதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

பணம் என்றதும் இன்னொன்று. சத்திரப்பட்டிப் பக்கத்தில் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளிலும், ராஜபாளையத்து நூற்பாலைகளிலும் கூலி வாங்கும் பெற்றோர் நம் மாணவர்களின் பெற்றோர். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மண்டபம் பிடித்த பிறகு தம் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையில் கொண்டாட அவர்கள் கூசுகின்றனர். வட்டிக்கு வாங்குகின்றனர். மொய்யில் ஈடுகட்டலாம் என்ற கணக்கு மொய் திருப்பும் ஆண்டுகளில் பல்லிளிக்கும். ஒரு குழந்தையின் ஐந்தாம் வயது ஒரு குடும்பத்தின் ஓராண்டு வட்டியாவதை ‘உமக்கென்ன’ என்று கடக்க எம்மால் இயலாது.

ஆகவே எளிய கட்டை விருந்து சாத்தியமே என்கிறோம். வசதியற்றோர்க்கான மாற்று அல்ல. இதுவே அசல், மண்டபத்தில் நடப்பதுதான் போலி. வீட்டுக் கூடம் போதும். பாய் இரண்டு. எட்டு முதல் பத்துப் பிள்ளைகள். அதற்கு மேல் அழைத்தால் கட்டைக்குச் சண்டை வரும். மாலை நான்கரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிட வேண்டும். கட்டைகளைப் பெட்டியோடு வைக்காமல் சொளகில் கொட்டி நடுவில் வைத்தால் எல்லாக் கைகளும் எட்டும் (ஆண்டாளின் சுளகுதான் நம் வட்டாரத்துச் சொளகு). குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டும் கப்பல், விமானப் பெட்டிகள் வேண்டா. வெறும் சதுரமும் நீளமுமான கலப்புக் கட்டைகளே சிறந்தவை. மூல நிறுவனத்தின் விலை நம்மவர்க்குக் கட்டுபடியாகாது. கட்டையின் வடிவத்தை வணிகக் குறியாகப் பதிந்துகொள்ள முடியாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆதலின் அதே வடிவில் பிறர் செய்தவற்றை வாங்கக் கூச்சம் வேண்டா. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் உடன் வந்தால் அவர்களுக்குப் பெரிய கட்டைகள் தனியே; சிறியவற்றை வாயில் போட்டுக்கொள்வர், மூச்சடைக்கும்.

உண்பதற்குச் சுண்டலும் எலுமிச்சைச் சாறும். கேக் வேண்டுமெனில் ஒரு சிறு கேக். நம்மைக் கேட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை விட்டு வெண்ணெய்ப் பூச்சைத் தேடுவது ஏன் என்போம். போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் ஆசையை அருள்கூர்ந்து அடக்கிக்கொள்ளுங்கள். ‘உங்கள் தெருவைக் கட்டுங்கள்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதும். பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசலாம்.

இனி அந்தப் பாகுபாடு. சிற்றில் கட்டியவர்கள் பெண்கள். நம் இலக்கியம் முழுவதும் அப்படித்தான். பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்திலும் கட்டுபவள் சிறுமி, சிதைப்பவனே பாட்டுடைத் தலைவன். கவிஞர்கள் சிதைத்தவனுக்குப் பல்லாண்டு பாடினர் என்பது வேறு வழக்கு. கட்டியவள் யார் என்பதில் ஐயமில்லை. இன்றோ கட்டை ஆணுக்காம், இளவரசி உடை பெண்ணுக்காம். லெகோ நிறுவனமும் 2012-இல் பெண்களுக்கென்று தனி வரிசை கொண்டுவந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் பூசி, வாங்கிக் கட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரை அருகில் வைத்துக்கொண்டு நாம் அந்தத் தவற்றைப் படியெடுப்பது நாணத்தக்கது. சோழபுரத்தில் அடுத்து ஒரு பெண் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருமானால் முதலில் அவள்முன் சொளகை வையுங்கள்.

விருந்து முடிந்ததும் பைகொடுக்கும் வழக்கத்தையும் விடலாம். பிள்ளைகளே கட்டியதைப் பிரித்து, எண்ணி, ஒரு துணிப்பையில் போடட்டும். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை கட்டை வாங்கினால் அது தை மாதத்துப் பிள்ளைக்கும் வரும், ஆடி மாதத்துப் பிள்ளைக்கும் வரும். இரண்டு மூன்று கட்டைகள் குறையும். பாயின் அடியிலோ அம்மியின் பின்னாலோ கிடக்கும். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த தகப்பனின் காலில் குத்தும்.