சக்கர வீடுகளுக்கு ஒரு முசாபர்கானா



சபர் முடித்துத் திரும்பும் நம் இளைஞர்கள் ஊரில் என்ன தொழில் செய்யலாம் என்று கேட்டு எழுதும் கடிதங்கள் மாதந்தோறும் வருகின்றன. இம்மாதம் கடிதத்திற்குப் பதிலாகக் கேள்வியே நேரில் வந்து என் திண்ணையில் அமர்ந்தது. வந்தவர் வேறு யாருமல்லர். என் லாத்தாவின் மகன். பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்து, இனிப் போவதில்லை என்ற முடிவோடு திரும்பியவர். கையில் ஒரு சுருட்டிய வரைபடம் இருந்தது.

“மாமா, கேரவன் பூங்கா ஒன்று தொடங்கப் போகிறேன். இருபது வண்டிகள் நிற்கும். நீச்சல் குளமும் உண்டு” என்றார்.

கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதானே நமக்கு நினைவுக்கு வரும்? மேலை நாடுகளில் குடும்பங்கள் படுக்கை, அடுப்பு, கழிவறை அனைத்தும் உள்ள இத்தகைய சக்கர வீடுகளில் நாடு சுற்றுகின்றன. இரவில் அவற்றை நிறுத்தவும், தண்ணீர் நிரப்பவும், மின்சாரம் பெறவும், கழிவை அகற்றவும் உரிய இடமே கேரவன் பூங்கா. நம் வழக்கில் சொன்னால், வண்டியோடு வரும் முசாபிருக்கு ஒரு முசாபர்கானா.

இது வெறும் கனவன்று. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அம்மாநிலத்தின் முதல் பூங்கா 2022 பிப்ரவரியில் வாகமணில் திறக்கப்பட்டது. குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகள் நிறுத்தும் இடமும் இருந்தால் போதும் என்பது அங்குள்ள அளவுகோல். தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது. இங்கே கேரவன் பூங்கா நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே எண்ணம் தவறில்லை. அதை எங்கே, யாருக்காக, எவ்வளவில் செய்வது என்பதே கேள்வி.

வண்டல் சொன்ன கணக்கு

மறுவாரமே அவருடன் சென்று இடத்தைப் பார்த்தேன். சுவாமிமலைக்கு அருகே, சாலையை ஒட்டி ஆறு மா நன்செய். ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதன் பின்புறம், வீட்டை அடுத்து, இரண்டு மா அளவுள்ள மேட்டுத் திடல். திடலில் தென்னையும் மாவும் இரண்டு புங்கை மரங்களும் நிற்கின்றன. மருமகனின் வரைபடம் முழுவதும் நன்செய்யின் மீதே வரையப்பட்டிருந்தது. சாலையோரம் என்பதே காரணம்.

சுவாமிமலையின் உலோகச் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. புவிசார் குறியீடும் பெற்றவை. மெழுகில் வடித்த உருவத்தின் மீது காவிரியின் வண்டல் மண்ணைப் பூசித்தான் ஸ்தபதிகள் வார்ப்புக் கூடு அமைக்கின்றனர். மெழுகில் கீறிய மெல்லிய கோட்டைக்கூட விடாமல் பற்றிக்கொள்ளும் மண் அது. அதே மண் ஐப்பசி மழையில் பேருந்தின் சக்கரத்தையும் விடாமல் பற்றிக்கொள்ளும்! வயல், சாலையைவிட மூன்றடி பள்ளம். வண்டி நிற்க வேண்டுமாயின் மண் கொட்டி உயர்த்தியாக வேண்டும்.

திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. இரண்டு ஏக்கரை மூன்றடி உயர்த்த 2,61,360 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் லாரியில் 871 நடை! நீச்சல் குளத்திற்குக் குழி தோண்டும் முன்பே சேமிப்பு மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

பணம் மட்டுமா? அந்த வயலின் மேல்புறத்தில் வேறு நான்கு பேரின் வயல்கள் உள்ளன. அவற்றின் மழைநீர் இந்த வயல் வழியாகத்தான் வடிகாலுக்குச் செல்கிறது. இங்கே மூன்றடி மேடு எழும்பினால், அடைமழையில் அண்டை வயல்களின் சம்பாப் பயிர் நீரில் மூழ்கி அழுகும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்து தேடும் வருவாயில் பரக்கத் ஏது?

சட்டமும் குறுக்கே நிற்கிறது. நன்செய்யை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். மாவட்ட ஆட்சியர், வேளாண்மைத் துறை ஆகியோரின் கருத்தும் கேட்கப்படும். சாலைக்கும் வயலுக்கும் இடையே பாசன வாய்க்கால் ஓடினால், அதன்மீது பாலம் அமைக்க நீர்வளத் துறையின் அனுமதியும் தேவை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டின் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற திட்டங்களைத் தடுக்கவே வந்தது. பூங்காவைத் தடை செய்யவில்லை. எனினும் அச்சட்டம் எந்த மண்ணைக் காக்க வந்ததோ, அந்த மண்ணை நாமே மூடுவது முறையா?

நிலம் யாருடையது?

பட்டாவைக் கேட்டேன். காலஞ்சென்ற மச்சானின் பெயரிலேயே இருந்தது. “அத்தாவின் நிலம் என் நிலம்தானே, மாமா? அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்” என்றார் மருமகன்.

சகோதரிகளே, நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் சொல் இது. ஷரீஅத் வகுத்த பங்கைப் பாருங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. இக்குடும்பத்தின் சொத்தை 32 பங்காக வைத்தால் தாயாருக்கு 4, மகனுக்கு 14, இரு மகள்களுக்கும் தலா 7. மகனின் பங்கு பாதிகூட இல்லை! பாதிக்கு மேல் பெண்களுடைய நிலத்தில், அவர்களைக் கேளாமலேயே நீச்சல் குளம் வரையப்பட்டிருந்தது.

இதைச் சொன்னபோது மருமகனின் முகம் வாடியது. லாத்தாவோ அமைதியாக, “நிலத்தை யாரும் தலையில் சுமந்து போகப் போவதில்லை. ஆனால் ஆறு மாவில் விளையும் நெல்தான் மூன்று வீட்டுக்கும் சோறு. அதை மறந்துவிடாதே, தம்பி” என்றார்.

வருபவர் யார்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை முதலே சுவாமிமலைச் சாலையில் வேன்களும் பேருந்துகளும் வந்தவண்ணம் இருந்தன. அறுபது படிகள் ஏறி முருகன் கோயிலை வழிபட வருவோர், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குச் செல்வோர், 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் தாராசுரம் கோயிலைக் காண வருவோர், இதே சாலை வழியே நாகூருக்குச் செல்லும் நம்மவர்கள். அன்று முழுவதும் ஒரு கேரவனும் எங்கள் கண்ணில் படவில்லை.

பத்து மணியளவில் ஒரு வேன் வீட்டெதிரே நின்றது. கூரையில் அண்டாவும் அடுப்பும் கட்டப்பட்டிருந்தன. மூதாட்டி ஒருவர் இறங்கி வந்து, தயங்கியபடி லாத்தாவின் காதில் ஏதோ சொன்னார். லாத்தா அவரைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். சிறிது நேரத்தில் வேனிலிருந்த பெண்கள் அனைவரும் வரிசையாக வந்தனர். விடியற்காலையில் புறப்பட்டவர்களாம், வழியில் ஒதுங்க இடமின்றி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார்கள். ஓட்டுநரோ அந்த இடைவேளையில் சக்கரத்தின் ஓரம் துண்டை விரித்து உறங்கிவிட்டார்.

அவர்கள் சென்ற பின் லாத்தா மகனைப் பார்த்துச் சொன்னார்: “நீ யாருக்கோ இடம் கட்டுகிறாய். இவர்களுக்கல்லவா இடம் வேண்டும்!”

நான் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம் நாட்டின் கேரவன் அந்த வேன்தான். அரிசியும் அண்டாவும் சமையற்காரருமாக வரும் அந்தப் பயணிகளுக்கு வேண்டியவை நிழல், நல்ல நீர், தூய்மையான கழிவறை, சமைக்க ஒரு கொட்டகை, ஓட்டுநர் உறங்க ஒரு கட்டில். இவை அமைந்த இடத்தில் நாளை ஒரு கேரவன் வந்தாலும் மகிழ்வுடன் தங்கும்.

தஞ்சைத் தரணிக்கு இது புதிதன்று. மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்று.

திடலில் எழுந்த திட்டம்

புதிய வரைபடத்தை அனைவரும் சேர்ந்து வரைந்தோம். நன்செய்யில் ஒரு கைப்பிடி மண்ணும் கொட்டுவதில்லை. பூங்கா மேட்டுத் திடலில் மட்டும். வண்டிக்கு 20 அடி அகலம், 40 அடி நீளம் என ஆறு இடங்கள். 12 அடி அகலத்தில் 300 அடிப் பாதை. வண்டி ஒரு வாசலில் நுழைந்து, பின்னோக்கி எடுக்காமல், மறுவாசலில் வெளியேறும். இவற்றை மட்டும் ஓரடி கப்பியும் கிராவலும் இட்டு உயர்த்த 8,400 கன அடி, அதாவது 28 லாரி நடை போதும். 871 எங்கே, 28 எங்கே!

தென்னையின் கீழ் வண்டி நிறுத்தலாகாது. ஒரு நெற்று விழுந்தால் கண்ணாடி போய்விடும். புங்கையும் வேம்பும் நடுவதென முடிவாயிற்று. தாழத் தொங்கும் மின்கம்பிகளை முதலிலேயே உயர்த்தச் செய்ய வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு முக்கியமானது. ஆறு வண்டிகளில் இருநூறு பேர் வந்து, ஆளுக்கு 20 லிட்டர் செலவிட்டாலும் 4,000 லிட்டர். வந்த நீரெல்லாம் கழிவாக வெளியேற வேண்டுமே! காவிரிக் கரையில் மழைக்காலத்து நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். கசியும் கழிவுத் தொட்டி கட்டினால் அது நம் கிணற்றிலும் அண்டை வீட்டுக் கிணற்றிலும் கலக்கும். எனவே கசியாத தொட்டி, உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கும் அப்பால், சமையல் கழிவுநீர் வாழைப் பாத்திக்கு. கேரவன்களின் கழிவறைப் பெட்டியில் ஊற்றப்படும் இரசாயனம் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதற்குத் தனித்தொட்டி வேண்டும். மின் இணைப்பு வணிகக் கட்டணத்திலேயே பெற வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு ஏற்பட்ட நொடியே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். ஈர மண்ணில் இது உயிர்ப் பிரச்சினை.

சமையல் கொட்டகை வண்டிகளை விட்டுத் தள்ளியே இருக்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் எரிவாயு அடுப்பால் தீப்பற்றி, ஒன்பது பயணிகள் மாண்டதை மறக்க முடியுமா? வண்டிக்குள் அடுப்புப் பற்றவைக்க அனுமதியில்லை என்ற பலகையை முதல் வாசலிலேயே வைக்கச் சொன்னேன்.

“கொட்டகையில் சைவம் மட்டும் சமைக்கட்டும். விரதமிருந்து வருகிறவர்கள் மனம் கோணக்கூடாது” என்றார் லாத்தா. நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைத் தஞ்சை மன்னர் பிரதாப் சிங் எழுப்பினார் என்பது நம் சிறுவர்களுக்கும் தெரியும். அந்த மண்ணில் வாழ்பவர்கள் இந்தச் சிறு மரியாதையைச் செய்யத் தயங்கலாமா?

ஓட்டுநர்களுக்கு நான்கு கட்டில்களும் மின்விசிறியும் கொண்ட ஓர் அறை. விடுதிகள் ஓட்டுநருக்குத் தங்குமிடம் தர வேண்டும் எனத் தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. விதி நம்மைக் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உறங்கி எழுந்த ஓட்டுநரின் கையில்தான் ஒரு வண்டி நிறைந்த குடும்பங்களின் உயிர் இருக்கிறது.

சகோதரிகள் இருவரும் வந்து அமர்ந்தனர். வாரிசுச் சான்று பெற்று, பட்டாவை அனைவர் பெயருக்கும் மாற்றிய பிறகே வேலை தொடங்கும். இலாபமும் நட்டமும் யாருக்கு எவ்வளவு என்பதைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்வார்கள். வட்டிக் கடனில்லை, கைச் சேமிப்பில் எவ்வளவு முடியுமோ அவ்வளவே. முதலாண்டில் கழிவறையும் தண்ணீரும் மூன்று இடங்களும் மட்டும். அதில் தெளிவு பிறந்தால் ஆறு. 2028இல் கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் வருகிறது. அதற்குள் ஒரு பருவமழையையாவது இத்திடல் தாங்கிக் காட்டியிருக்க வேண்டும்.

சபரிலிருந்து திரும்பும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அயல்நாட்டில் கண்டதை அப்படியே இங்கே நட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் வாசலில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து, யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று பாருங்கள். வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நிலத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

விடைபெறும்போது லாத்தா கொல்லைப்புறக் கழிவறைக்குப் புதிய வாளியும் குவளையும் வாங்கிவரச் சொல்லி மகனிடம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். “அடுத்த ஞாயிறும் யாராவது வருவார்கள்” என்றார்.

வஸ்ஸலாம்.