ஏழு சீட் கார் வாங்கறதுக்கு முன்னாடி, வீட்டுல எத்தனை தலைன்னு எண்ணுங்க

"குழந்தை பிறந்தாச்சு, பைக் பத்தலை. ட்ரைபர் எடுக்கலாமா, எர்டிகா எடுக்கலாமா, இல்ல கொஞ்சம் கடன் கூட வாங்கி இன்னோவா பக்கமே போயிடலாமா?"

2025 செப்டம்பர் 22-ல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறினதிலிருந்து இந்தக் கேள்வி என்கிட்ட வர்றது ரொம்ப அதிகமாயிடுச்சு. கேட்கறவங்க பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்க்கற முப்பது வயசுக்காரங்க. ஷோரூம்ல கொட்டேஷன் வாங்கிட்டு, ஏறக்குறைய முடிவும் பண்ணிட்டு, "சார், ஓகேதானே?"ன்னு கேட்கறாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வாரா வாரம் வண்டியில் ஏறப்போறது நாலு பேர்னா ஏழு சீட் வேண்டாம். ஆறு பேர்னா தயங்காம வாங்குங்க. அஞ்சு பேர்தான் சிக்கல். அதுக்குக் கடைசியில் வர்றேன்.

எங்க ஊர்ல ஏழு சீட் வண்டின்னா எல்லாருக்கும் ஒரு படம் மனசுல இருக்கும். முகூர்த்த மாசத்துல காந்தி ரோட்டுல நின்னு பாருங்க. இன்னோவா வந்து நிக்கும், பொண்ணு, பொண்ணோட அம்மா, அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பேருன்னு வரிசையா இறங்குவாங்க. சாயந்தரம் பட்டுப்புடவைப் பைகளோட திரும்ப ஏறுவாங்க. பார்க்கறப்ப "குடும்பம்னா இப்படி ஒரே வண்டியில போகணும்"னு நமக்கும் தோணும். ஆனா அந்த வண்டிகள்ல எத்தனைக்கு மஞ்சள் நம்பர் பிளேட்னு கவனிச்சிருக்கீங்களா? கல்யாணப் புடவைக்கு லட்சக்கணக்குல செலவு பண்ற குடும்பமே வண்டியை வாடகைக்குத்தான் எடுக்குது.

2019-ல் அத்தி வரதர் தரிசனம் நடந்த 48 நாளும் காஞ்சிபுரத்துல சொந்தக்காரங்க வந்து தங்காத வீடு குறைவு. திண்ணை, மொட்டை மாடி எல்லாம் பாய். அதுக்காக யாரும் வீட்டுல மூணு ரூம் சேர்த்துக் கட்டலை. அடுத்த தரிசனத்துக்கு இன்னும் 40 வருஷம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டு விஷயத்துல இவ்வளவு தெளிவா இருக்கற நாம, கார்னு வந்தா மட்டும் தீபாவளிக்கு வர்ற மச்சானுக்கும் சேர்த்து சீட் வாங்கறோம்.

அதுக்காக காரே வேண்டாம்னு சொல்ல வரலை. அம்மா, அப்பா, ரெண்டு குழந்தைன்னு நாலு பேர் ஒரே பைக்கில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல போறதைப் பார்த்தா வயித்தைக் கலக்கும். 9 மாசத்திலிருந்து 4 வயசு வரைக்குமான குழந்தையை டூவீலர்ல கூட்டிட்டுப் போனா ஹெல்மெட்டும், ஓட்டறவரோட சேர்த்துக் கட்டற பெல்ட்டும் வேணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாதுன்னு 2023 பிப்ரவரியிலிருந்து சட்டமே இருக்கு. குழந்தை இருக்கற வீட்டுக்கு கார் ஆடம்பரம் இல்லை. எந்த கார், எவ்வளவு கடன்ங்கறதுதான் கேள்வி.

இப்ப வரிக்கு வருவோம். என் தொழிலே இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

புது ஜிஎஸ்டி கணக்குல கார்களுக்கு நடுவுல ஒரு கோடு ஓடுது. நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா 18%. இதுல ஒண்ணு தாண்டினாலும் 40%. ஏழு சீட் வண்டிகள்ல ட்ரைபர் நீளம் 4 மீட்டருக்குள்ள, 999 சிசி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது. 29% வரி 18% ஆச்சு. எர்டிகா நீளம் 4 மீட்டருக்கு மேல, 1,462 சிசி. அதுக்கு 45% வரி 40% ஆச்சு, அவ்வளவுதான். "ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சு, உடனே எடுங்க"ன்னு ஷோரூம்ல சொன்னா, உங்க வண்டி கோட்டுக்கு எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க.

இரண்டாவது கோடு நம்ம மாநிலத்தோடது, இதைப் பத்தி யாரும் பேசறதில்லை. 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு கார்களோட ஆயுட்கால வரியை உயர்த்துச்சு. 5 லட்சம் வரை 12%, 5-லிருந்து 10 லட்சம் வரை 13%, 10-லிருந்து 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. வருமான வரி மாதிரி அடுக்கடுக்கா இல்லை இது. கோட்டைத் தாண்டினா முழு விலைக்கும் புது சதவீதம். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900 ரூபாய். விலையில வித்தியாசம் பத்தாயிரம், வரியில 51,550. எர்டிகா மாதிரி வண்டிகள்ல எந்த வேரியன்ட்னு முடிவு பண்றப்ப இந்த 10 லட்சம் சரியா நடுவுல வந்து நிக்கும். பெரிய டச் ஸ்கிரீனுக்காக அடுத்த வேரியன்ட் போறவங்க, அந்த ஸ்கிரீனுக்கு 51 ஆயிரம் கூடுதலா கட்டறோம்னு தெரிஞ்சு போங்க.

10 லட்சத்துக்கு மேல போனா டீலர் 1% டிசிஎஸ்ஸும் பிடிப்பார். இது செலவு இல்லை, உங்க பான் கணக்குல நிக்கற முன்பணம். 2024 அக்டோபர்லேர்ந்து படிவம் 12பிஏஏ வழியா கம்பெனியில சொன்னா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்லேயே கழிச்சுக்கலாம். இல்லைன்னா ரிட்டர்ன்ல கேட்டு வாங்கணும். நிறைய பேர் கேட்கறதே இல்லை. அப்புறம் இன்னொண்ணு. எலெக்ட்ரிக் கார் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரிச்சலுகைன்னு இன்னும் பழைய வீடியோக்கள் சுத்திட்டிருக்கு. அது 2023 மார்ச் 31-க்குள்ள கடன் அனுமதி ஆனவங்களுக்கு மட்டும்.

சரி, வாங்கறதா வாடகைக்கு எடுக்கறதாங்கற கணக்கு. என் எண்களை மாத்தி உங்க எண்களைப் போட்டுக்கங்க.

அஞ்சு சீட் வண்டி 7.5 லட்சம், ஏழு சீட் வண்டி 12 லட்சம்னு வைங்க. விலை வித்தியாசம் 4.5 லட்சம். ஆயுட்கால வரி முதல் வண்டிக்கு 97,500, இரண்டாவதுக்கு 2,16,000. ஆக மொத்தம் 5,68,500 ரூபாய் கூடுதல். இதை 9% வட்டியில 5 வருஷக் கடனா போட்டா மாசம் சுமார் 11,800 ரூபாய், அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 7.08 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது பெரிய வண்டி 2.25 லட்சம் கூடுதலா போகும்னு தாராளமாவே கழிச்சுடலாம். மிச்சம் 4.83 லட்சம். வருஷத்துக்கு 96,600 ரூபாய். அந்தப் பின் ரெண்டு சீட்டோட வருஷ வாடகை இது.

இப்ப திருவண்ணாமலைக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ 300 கிலோமீட்டர் போய் வரணும். கிலோமீட்டருக்கு 20 ரூபாய்னா 6,000, டிரைவர் பேட்டா 500, டோல் பார்க்கிங் 500. மொத்தம் 7,000. சொந்த வண்டியில போனாலும் பெட்ரோல், டோல் சேர்த்து 2,500 ஆகும். அப்ப வாடகையால கூடுதல் செலவு 4,500. 96,600-ஐ 4,500-ஆல வகுங்க, 21 சொச்சம் வரும். வருஷத்துக்கு 21 தடவைக்கு மேல, மாசம் கிட்டத்தட்ட ரெண்டு தடவை, ஆறேழு பேரா கிளம்பற குடும்பம்னா சொந்தமா வாங்கறது லாபம். தீபாவளி, பொங்கல், ஒரு திருப்பதி, ரெண்டு கல்யாணம்னா லாபம் இல்லை. வாடகை வண்டியில திரும்பி வர்றப்ப நீங்களும் தூங்கலாம்ங்கறதை இந்தக் கணக்குல சேர்க்கலை.

சீட் எண்ணிக்கையைப் பத்தி ஒரு உண்மை. ஏழு பேரும் உட்கார்ந்தா பெட்டி வைக்க இடம் இருக்காது. ட்ரைபர்ல மூணு வரிசையும் நிமிர்ந்திருந்தா டிக்கி 84 லிட்டர், ரெண்டு ஸ்கூல் பேக் அளவு. எர்டிகாவில 209 லிட்டர். அதுவே சிஎன்ஜின்னா சிலிண்டர் டிக்கியில உட்கார்ந்துக்கும். கைக்குழந்தையோட ஊருக்குப் போற குடும்பத்துக்கு எவ்வளவு சாமான்னு பெத்தவங்களுக்குத் தெரியும்.

சைல்ட் சீட் விஷயம் இதைவிட முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுப்படி 14 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தையை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ போடாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்க, மடியில வெச்ச குழந்தையை பிரேக் அடிக்கறப்ப எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது. ஆனா நடு வரிசையில சைல்ட் சீட்டைக் கட்டிட்டா அந்தப் பக்க சீட்டை மடக்க முடியாது, பின் வரிசைக்கு இன்னொரு பக்கமாத்தான் ஏறணும். ரெண்டு குழந்தை, ரெண்டு சைல்ட் சீட்னா பின் வரிசைக்கு வழியே இல்லை. நீங்க காசு கொடுத்த ஏழு சீட் அங்கேயே அஞ்சு சீட் ஆயிடுது. முட்டி வலி இருக்கற பாட்டியைப் பின் வரிசையில உட்கார வைக்கறதும் நடக்காத காரியம்.

அதனால அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு, ரெண்டு குழந்தையோட பாட்டி கூடவே இருந்தா, என் ஓட்டு ட்ரைபர் மாதிரி வண்டிக்கு. பின் சீட்டைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டா 625 லிட்டர் டிக்கி கிடைக்கும், தேவைப்பட்ட அன்னிக்கு ஒரு சீட்டை மட்டும் மாட்டிக்கலாம். நம்ம மாவட்டத்துலேயே ஒரகடம் ஆலையில செய்யறாங்கங்கறது சந்தோஷம்தான், ஆனா நான் சொல்றது அதுக்காக இல்லை, 18% வரிக்காக. குறை என்னன்னா 72 பிஎஸ் எஞ்சின். ஏழு பேரோட ஏலகிரி ஏறினா வண்டி மூச்சு வாங்கும். அடிக்கடி முழு லோடில் மலைப்பாதை போறவங்க எர்டிகா பக்கம் போறதுதான் சரி. நாலு பேர் வீட்டுக்கு நல்ல டிக்கி இருக்கற அஞ்சு சீட் போதும். மூணு, நாலு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் வண்டியும் தப்பில்லை, ஆயுட்கால வரியை முதல் ஓனர் கட்டிட்டார்.

கடன் எவ்வளவு? 10 லட்சத்தை 9% வட்டியில 7 வருஷம் போட்டா மாசம் 16,089 ரூபாய், மொத்த வட்டி 3.5 லட்சம். 5 வருஷம்னா மாசம் 20,758, வட்டி 2.45 லட்சம். "மாசம் பதினாறாயிரம்தான் சார்"னு ஏழு வருஷத்தைத் தள்ளிவிடுவாங்க. அஞ்சு வருஷ இஎம்ஐ கட்ட முடியலைன்னா அந்த வண்டி உங்க அளவுக்குப் பெரிசு. என் அளவுகோல், கைக்கு வர்ற குடும்பச் சம்பளத்துல 15%. கணவன் மனைவி சேர்ந்து 80,000 வாங்கினா இஎம்ஐ 12,000. அஞ்சு வருஷத்துக்கு அது 5.75 லட்சம் கடன். மேல வேணும்னா முன்பணத்தைச் சேர்த்துட்டு வாங்க.

இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கக் காரணம் இருக்கு. பிள்ளையார்பாளையம் பக்கம் இதைப் படிக்கற பலரோட வீட்டுல அப்பா இன்னும் தறியில உட்கார்றார். தறி ஓடினாத்தான் கூலி. அடைமழையில தெருவுல பாவு நீட்ட முடியாது, குழித்தறியில ஈரம் ஏறும், வேலை நிக்கும். அவருக்கு பிஎஃப் கிடையாது, சிக் லீவ் கிடையாது. அந்த வீட்டுல மாசச் சம்பளம் வாங்கற முதல் ஆள் நீங்கதான். அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா பணம் உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்லேர்ந்துதான் வரணும். நீங்க கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறப்ப, 12 லட்சம் வண்டி வாரத்துல அஞ்சு நாள் வாசல்ல நிக்கும். ஆறு மாசச் செலவுக்கான பணமும், பெத்தவங்களுக்குத் தனி மெடிக்கல் பாலிசியும் ஆன பிறகு புக்கிங் பணத்தைக் கட்டுங்க.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க. பாட்டியைக் கூட்டிட்டுப் போங்க, சைல்ட் சீட்டை எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாருங்க, ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்த சீட்ல இருக்குன்னு கேளுங்க. பின் வரிசையில நீங்களே இருபது நிமிஷம் உட்காருங்க, ஏசி காத்து வருதான்னு பாருங்க. அப்புறம் வண்டியை உங்க தெருவுக்கே ஓட்டிட்டு வரச் சொல்லி, வாசல்ல நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரர் பாவு நீட்ட இடம் மிச்சம் இருக்கான்னு பார்த்துட்டு கொட்டேஷனை எடுங்க.