ஒரு ஜெப ஆலயம் திறந்ததற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? ஜெருசலேம் 'ஹுர்வா' விவகாரத்தின் பின்னணி

2010 மார்ச் 15. ஜெருசலேம் பழைய நகரில் ஹுர்வா ஜெப ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாளே கிழக்கு ஜெருசலேமில் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. ஒரு வழிபாட்டுத் தலத்தைக் கட்டியதற்கா இத்தனை களேபரம்?

பேரிலேயே கதை இருக்கு

எபிரேய மொழியில் 'ஹுர்வா' என்றால் இடிபாடு. 1721-ல் கடன் கொடுத்தவர்கள் தீ வைத்தார்கள். 1864-ல் மீண்டும் எழும்பியது. 1948 போரில் ஜோர்டான் படை தகர்த்தது. 1967-ல் பழைய நகரம் இஸ்ரேல் கைக்கு வந்தும், பல ஆண்டுகள் அங்கே நின்றது ஒரு கல் வளைவுதான். பழைய வடிவத்திலேயே கட்டுவது என 2000-ல்தான் அரசு முடிவெடுத்தது.

சிக்கல் எங்கே?

ஹுர்வா இருப்பது யூதர் குடியிருப்புப் பகுதியில். அல்-அக்ஸா வளாகத்துக்குள் இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே சில நூறு மீட்டர்தான். ஹுர்வா மூன்றாவது முறை எழும்பினால் யூதர்களின் மூன்றாம் கோயிலும் எழும்பும் என்றொரு பழைய ஆரூடம் அப்போது பேசப்பட்டது. அடுத்த குறி அல்-அக்ஸாவோ என்ற அச்சம் பாலஸ்தீனர்களிடம் பரவியது. ஹமாஸ் 'ஆத்திர நாள்' அறிவித்தது. பாலஸ்தீன அதிகாரிகள் சிலர் விஷயத்தைத் திரித்துப் பேசுவதாக அமெரிக்கா கண்டித்தது.

நேரமும் சரியில்லை. சில நாள் முன்புதான், அமெரிக்கத் துணை அதிபர் பைடன் வந்திருந்தபோதே, கிழக்கு ஜெருசலேமில் 1,600 வீடுகள் கட்டும் திட்டத்தை இஸ்ரேல் அறிவித்திருந்தது. அந்தப் பகுதியை ஆக்கிரமிக்கப்பட்ட நிலமாகவே பெரும்பாலான நாடுகள் பார்க்கின்றன.

நம்ம கொச்சியிலும் 1662-ல் போர்த்துகீசியர் சிதைத்த மட்டாஞ்சேரி ஜெப ஆலயம், டச்சுக்காரர்கள் வந்தபின் சீரமைக்கப்பட்டது. இன்றும் அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது. அங்கே மண் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இல்லை. ஜெருசலேமில் சண்டையே அதுதான்.