ஒருநாள் சிரமதானம் போதாது

ஆகாயத்தாமரை மூடிய குளத்தை ஊர் கூடி ஒரே நாளில் வழித்தெடுக்கிறோம். அடுத்த மாரி கழியுமுன் அது பழையபடி பச்சையாகிவிடுகிறது. விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்துத் தோட்டங்களில் காலம் கழித்த நான் இதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். ஆண்டு முழுதும் குளத்தைப் பார்க்கப் பொறுப்பான ஓர் ஆள் இல்லாதவரை இந்தக் களை தீராது.

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குளங்கள் தேக்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறக்கினால்தான் கோடையில் கிணறு ஊறும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நன்னீர் கிடைக்கும். களை மக்கிப் படியப் படியக் குளம் மேடாகிறது. திறந்த நீர்ப்பரப்பைவிட ஆகாயத்தாமரை மூடிய பரப்பிலிருந்து கூடுதலான நீர் ஆவியாகிப் போகிறது. நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்செடுத்து வளரும் மன்சோனியா நுளம்பு யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது.

தென்னமெரிக்காவில் பிறந்த இந்தச் செடி பூவின் அழகுக்காக இலங்கைக்கு வந்தது. 1909 இலேயே அதை அழிக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1939 இல் சல்வீனியா என்ற இன்னொரு நீர்க்களை கொழும்புக்கு வந்தது. அதுவும் பரவி நாட்டின் குளங்களையும் வயல்களையும் மூடியது. அதைத் தின்னும் சிறு வண்டை 1986 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், பல இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் நமது குளங்களில் பெரும்பாலானவை கோடையில் வற்றுபவை. வருடா வருடம் செடி காய்ந்துபோகும் குளத்தில் இப்படியான வண்டு எதுவும் நிலைப்பது கடினம். இங்கே கையும் கத்தியும்தான் கைகொடுக்கும்.

ஓர் ஆகாயத்தாமரைச் செடியைத் தூக்கிப் பாருங்கள். காம்பில் காற்று அடைத்த வீக்கம், கீழே கறுத்த வேர்க்கற்றை, பக்கத்தில் ஓடுதண்டு, அதன் நுனியில் குட்டிச்செடி. வாய்ப்பான நீரில் இரண்டு வாரத்துக்குள் இப்படியே இரட்டிப்பாகும். பூத்து உதிரும் விதையோ சேற்றுக்குள் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஒருமுறை வழித்த குளம் திரும்ப மூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே நீர் வற்றும் காலத்திலேயே, பூக்குமுன், வேரோடு அள்ள வேண்டும். செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கரையில் சில நாள் காயவிட்டால் பாரம் பெரிதும் குறையும், உழவு இயந்திரத்தில் ஏற்றுவது இலகு. குளக்கட்டிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழை திரும்பவும் உள்ளே தள்ளிவிடும். கிராமத்துக் குளத்துச் செடியைச் சாணத்தோடு அடுக்கிக் கூட்டெருவாக்கலாம். பூவரசங்குழை தாழ்த்திப் பழகிய தோட்டக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நகரக் கழிவுநீரில் வளர்ந்ததை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

மழை விழுந்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது. விரல் நீள நாற்றுகள் கரையோரம் முளைக்கும். வாரம் ஒருமுறை ஒருவர் இறங்கிப் பிடுங்கினால் போதும். தை மாதம் வரை விட்டுவைத்தால் பெக்கோ இயந்திரம் தேவைப்படும்.

கழிவுநீரையும் தடுத்தாக வேண்டும். வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் தோட்டத்து யூரியாவும் வாய்க்கால் வழியே வந்து சேரும்வரை நாமே களைக்குப் பசளை போடுகிறோம். யாழ் நகரில் 2021 இல் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டது. மனம் வைத்தால் கைவிட்ட குளத்தையும் மீட்கலாம் என்பதற்கு அது சாட்சி. அப்படி மீட்ட குளம் எதுவானாலும், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண்.

பிரதேச சபைகளையும் கமநல சேவை நிலையங்களையும் கோயில் பரிபாலன சபைகளையும் கேட்கிறேன். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு குளத்துக்கும் ஊரில் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர் பெயரைக் குளக்கட்டில் எழுதிப் போடுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் அந்தச் சம்பளத்துக்கு ஒரு வரி சேருங்கள். இந்த மாரி தொடங்குமுன் இதைச் செய்துவிடலாம்.